ஆரஞ்சுத் தண்ணி

அந்தத் தையல் கூடத்தில் அவரவர் தைக்கும் துண்டுதான் அவரவர் பெயர். சட்டைக்குப் பை வைப்பவள் பாக்கெட். கழுத்துப்பட்டி வைப்பவள் காலர். கை பொருத்துகிறவள் ஸ்லீவ். மணிக்கட்டுப் பட்டை வைப்பவள் கஃப். இடம் மாறினால் பெயரும் மாறும். ஒருமுறை காலர் காய்ச்சலில் விழுந்து ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது, அவள் நாற்காலியில் வேறொருத்தி காலராக வாழ்ந்துகொண்டிருந்தாள். "நீ யாரும்மா? புதுசா?" என்று கஃப் கேட்க, லைன் மொத்தமும் சிரித்தது. காலரும் சிரித்தாள். ஆனாலும் அன்று முழுக்க, தான் இல்லாமலேயே உலகம் நடந்திருக்கிறது என்ற நினைப்பு அவள் முதுகில் ஈரத்துணி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

துணி முன்னாலிருந்து பின்னால் போகும். பாக்கெட் தைத்து முடித்தால்தான் காலருக்கு வேலை. காலர் முடித்தால்தான் ஸ்லீவுக்கு, பிறகு கஃப்புக்கு. நடுவில் ஒருத்தி எழுந்து போனால் அவளுக்குப் பின்னால் இருக்கிறவர்கள் கையைப் பிசைந்துகொண்டு உட்கார வேண்டியதுதான். அன்றைய டார்கெட் முடியாமல் லைன் எழ முடியாது. முடிக்காமல் போனால் பஸ் போய்விடும். அடுத்த பஸ்ஸுக்கு இருட்டில் நிற்க வேண்டும். அதனால் அந்தக் கூடத்தில் தலைவலி, வயிற்றுவலி, துக்கம் எல்லாமே மற்றவர்களைக் கேட்டுவிட்டுத்தான் வரும்.

குழந்தைகள்தான் யாரையும் கேட்பதில்லை.

கூடத்தின் கோடியில் கண்ணாடி வைத்த தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் குழந்தைகள் அறை. அதைப் பார்த்துக்கொள்கிற அம்மாவுக்கு டீச்சர் என்று பெயர். கதவில் அப்படி எழுதியிருந்ததால் வந்த பெயர். யாருக்கும் எதுவும் கற்றுக்கொடுத்ததில்லை. மெஷின் இரைச்சலில் அழுகை கேட்காது என்பதால் ஒரு ஏற்பாடு இருந்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு நிறத்தில் துணித்துண்டு. சமாதானமே ஆகாமல் ஒரு குழந்தை அழுதால் டீச்சர் அதன் துண்டைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடிப்பாள். அந்த நிறத்துக்குரிய அம்மா எழுந்து ஓட வேண்டும். காலரின் மகளுக்கு மஞ்சள்.

துண்டு கண்ணாடிக்கு வராமல் இருக்கத்தான் ஆரஞ்சுத் தண்ணி. பொடியைக் கரைத்தால் விளக்கு வெளிச்சத்தைக் கரைத்த மாதிரி ஒரு நிறம் வரும். பொடி உறையின் மேல் ஓர் அரை ஆரஞ்சும், தசை காட்டும் ஒரு குழந்தையும் இருக்கும். அம்மாக்கள் முறை வைத்து வாங்கிவருவார்கள். காலையில் டீச்சர் பெரிய ஜக்கில் கலக்கி, ரப்பர் வைத்த பாட்டில்களில் ஊற்றி, வெட்டிப்போட்ட நாடாவில் ஒன்றை எடுத்து ஒவ்வொரு குழந்தையின் இடுப்பிலும் கட்டித் தொங்கவிடுவாள். குழந்தைகள் அதை ஆட்டிக்கொண்டே திரியும். நினைத்தபோது ஒரு வாய் உறிஞ்சும். உறிஞ்சிக்கொண்டே தூங்கிப்போகும். காலியானால் டீச்சர் நிரப்புவாள். யாருக்கும் எந்தக் குறையும் இல்லை.

காலரின் மகளை எலி என்று கூப்பிடுவார்கள். முதல் பற்கள் முளைத்தபோது எல்லாருடைய விரலையும் கடித்துப் பார்த்ததால் அவள் அப்பா வைத்த செல்லப்பெயர். மூன்று வயது ஆகப்போகிற சமயத்தில் அந்த எலி பிஸ்கட்டைக் கடிக்காமல் நனைத்துச் சப்ப ஆரம்பித்தது. பல் தேய்க்கப் போனால் உதட்டை இறுக்கிக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, குளிப்பாட்டும்போது சிரிக்க வைத்து, மேல் உதட்டைத் தூக்கிப் பார்த்தாள் காலர். முன்பற்கள் நான்கும் ஈறோரத்தில் பழுப்பாகி, அரித்துப்போய், எரிந்து அணைந்த தீக்குச்சித் தலைகள் மாதிரி இருந்தன. ஒன்றுக்கு மேலே ஈறில் சின்னதாக ஒரு கொப்புளம்.

ஈரத்தோடு தூக்கிப்போய்க் கணவனிடம் காட்டினாள்.

"பால் பல்லுதானே," என்றான் கணவன். சந்தையில் மூட்டை இறக்குகிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் முதுகைத் தரையில் போட்டுக்கொண்டு கூரையைப் பார்த்தபடியே பேசுவான். "எப்படியும் விழப்போற பல்லு. அதுக்குப் போய் ஏன் இப்படி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கற?"

"வலிக்குதுங்க அவளுக்கு."

"எனக்கும்தான் முதுகு வலிக்குது. நான் அழறனா?"

ஆனால் அவன்தான் மறுநாள் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு பல் ஆஸ்பத்திரி வரைக்கும் நடந்தான். வாசலில் காலரிடம் இறக்கிவிட்டு, "ஊசி போட்டா அப்பா வந்து அந்த டாக்டரக் கடிச்சிருவேன், சரியா?" என்று மகளிடம் சொல்லிவிட்டு வேலைக்குப் போனான்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். எழுதிக்கொண்டே கேட்டாள்.

"நாள் பூரா என்ன குடிக்கறா?"

"ஆரஞ்சு ஜூஸ் டாக்டர்." காலர் கொஞ்சம் நிமிர்ந்தே சொன்னாள். "வைட்டமின் இருக்கறது."

"பழத்துலயா, பொடியிலயா?"

"பொடி."

"எத்தனை தடவை?"

"தடவைன்னு இல்ல. பாட்டில் அவகிட்டயேதான் இருக்கும்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது. ஒவ்வொரு வாய் இனிப்புக்கும் வாய்க்குள்ளே புளிப்பு ஏறுகிறது, அந்தப் பொடியிலும் புளிப்பு இருக்கிறது, அது பல்லைக் கரைக்கிறது, எச்சில் அதைச் சரிசெய்யக் கொஞ்ச நேரம் வேண்டும், அதற்குள் அடுத்த வாய் போனால் பல்லுக்கு மூச்சுவிட நேரமே இல்லை என்றாள். "எவ்ளோ இனிப்புங்கறத விட எத்தனை தடவைங்கறதுதான் முக்கியம். தண்ணி ஊத்திக் கொடுத்தாலும் அதேதான். நடுவுல வெறும் தண்ணி மட்டும். சாப்பாட்டோட சர்க்கரை போடாத பால். டம்ளர்ல. பாட்டில வாயில வச்சுக்கிட்டுத் தூங்கவே கூடாது. பழம் வேணும்னா பழமாவே கொடுங்க."

"சரி டாக்டர்."

"இப்ப சீழ் இருக்கு. மருந்து தரேன், இறங்கிடும். மேல கெடாம நின்னா பல்ல அடைச்சுக் காப்பாத்திப் பாக்கலாம். மறுபடி வீங்குச்சுன்னா நாலையும் எடுக்கணும். மயக்கம் கொடுத்துத்தான் எடுக்கணும். சின்னக் குழந்தைக்கு அது நல்லதில்ல. கீழ வளர்ற பல்லும் அடிபடலாம். புரியுதாம்மா?"

புரிந்தது. அவ்வளவு தெளிவாக அவளிடம் யாருமே எதையும் சொன்னதில்லை.

மறுநாள் எலியின் பாட்டிலில் தண்ணீரை நிரப்பி, கூடவே ஒரு சின்ன டம்ளரும் டீச்சரிடம் கொடுத்தாள்.

"வெறும் தண்ணியா?" டீச்சர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "ஏதாவது தண்டனையா பாவம்?"

"டாக்டர் சொன்னாங்க டீச்சர். பல்லு."

"சொல்லுவாங்க. அவங்க வந்து பாக்கட்டும் இந்த வானரப் படைய."

முதல் பண்டல் முடிவதற்குள் மஞ்சள் வந்துவிட்டது. ஓடினாள். எலி பக்கத்துக் குழந்தையின் பாட்டிலைப் பிடுங்கியிருந்தது. அந்தக் குழந்தை எலியின் தலைமுடியைப் பிடித்திருந்தது. தூக்கி, தட்டி, கொஞ்சி, திரும்பி வந்து ஊசியில் நூல் கோப்பதற்குள் மறுபடி மஞ்சள். மதியத்துக்குள் அவளுடைய மேஜையில் துணி மலையாய்க் குவிந்திருந்தது. பின்னால் ஸ்லீவ் நகம் கடித்துக்கொண்டிருந்தாள். சூப்பர்வைசர் வந்தான். வாயைத் திறக்காமல் விசிலடித்தே ஆட்களை நகர்த்துகிறவன் என்பதால் அவனுக்கு விசில் என்று பெயர். காலரின் மேஜையைப் பார்த்து நீளமாக ஒன்று அடித்தான். ரயில் புறப்படும்போது அடிப்பார்களே, அந்த மாதிரி.

"காலர் மகாராணி," என்றாள் கஃப், கூடத்துக்கே கேட்கும்படி. "உன் பொண்ணோட பல்லு பளபளன்னு இருக்கட்டும். நாங்க பஸ்ஸ விட்டுட்டு நடந்து போறோம். கால்தானே, தேயட்டும்."

கஃப் கெட்டவள் இல்லை. காலருக்குப் பிரசவ வலி கண்டபோது அந்த மெஷின் பக்கத்திலிருந்து கைத்தாங்கலாக வாசல் வரை கூட்டிப்போனவளே அவள்தான். அவளுக்கும் உள்ளே ஒரு மகன் இருந்தான். அவனுடைய நிறம் நீலம். அதனால்தான் காலர் மதிய இடைவேளையில் தைரியமாக அவளிடமே போனாள்.

"கஃப் அக்கா, ஒருத்தி பிள்ளைக்கு மட்டும் தண்ணி கொடுத்தா அது அழத்தான் செய்யும். எல்லாருக்கும் தண்ணி கொடுத்தா?"

"எல்லாம் சேர்ந்து அழும்."

"ரெண்டு மூணு நாள் அழும். அப்புறம் பழகிடும். நீலத்தோட வாய ஒரு தடவை தூக்கிப் பாருக்கா. சும்மா பாரு."

கஃப் முறைத்தாள். ஆனால் இடைவேளை முடிவதற்குள் உள்ளே போய்ப் பார்த்திருக்க வேண்டும். திரும்பி வந்தவள் வாய்த்துடுக்கு இல்லாமல் உட்கார்ந்தாள். வேலை முடிந்து படியிறங்கும்போது, யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "திங்கக்கிழமையிலருந்து எல்லாருக்கும் தண்ணி. ஒத்துக்காதவ என்கிட்ட வரட்டும்."

அந்தத் திங்கட்கிழமையை அந்த லைன் மறக்காது. கண்ணாடியில் முதலில் ஒரு பச்சை. பிறகு நீலம். பிறகு சிவப்பும் மஞ்சளும் ஒன்றாக. டீச்சருக்கு இரண்டு கைதானே. துண்டுகளைக் கண்ணாடியில் ஈரம் தொட்டு ஒட்ட ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் கண்ணாடி தெரியவில்லை, துணிக்கடை தெரிந்தது. ஒருத்தி எழுந்தால் ஒருத்தி உட்கார்ந்தாள். பாக்கெட் சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு நிற்காமல் அழ ஆரம்பித்தாள். உள்ளே குழந்தைகள் எல்லாம் தண்ணீர் பாட்டில்களைத் தரையில் அடித்துக்கொண்டிருந்தன. அந்த அழுகையில் பசி இல்லை, வலி இல்லை. ஏமாற்றப்பட்டவர்களின் அழுகை அது. காலருக்கு அது தன்னைப் பார்த்து அழுவது போலவே இருந்தது.

விசில் அன்று விசிலடிக்கவில்லை. பேசினான்.

"நாளைக்கும் இப்படின்னா அந்த ரூமையே பூட்டிடச் சொல்லிட்டாங்க மேல. பிள்ளைகள வீட்ல விட்டுட்டு வாங்க. முடியாதவங்க வராதீங்க."

வீட்டில் விட யாருக்கும் ஆள் இல்லை. இருந்திருந்தால் அந்த அறையில் குழந்தைகளே இருந்திருக்காது.

கடைசி பஸ்ஸும் போன பிறகு சாலையோரமாக வரிசையாக நடந்தார்கள். தூங்குகிற பிள்ளைகள் தோளில். யாரும் காலரைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஸ்லீவ்தான் மெதுவாக ஆரம்பித்தாள்.

"பாதிப் பொடி போடலாமே? இனிப்பு கம்மியா இருக்கும். பல்லுக்கும் நல்லது, பிள்ளைங்களும் அழாது."

"அதானே," என்றாள் பாக்கெட். "எதுக்கு அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஓடணும்?"

"என்ன சொல்ற காலர்?" கஃப் நின்று கேட்டாள். மகன் அவள் தோளில் கனத்துத் தொங்கினான். "பாதி. சரியா?"

இனிப்பு அல்ல, எத்தனை தடவை என்பதுதான். தண்ணி ஊத்திக் கொடுத்தாலும் அதேதான். வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருந்தது அவளுக்கு. எல்லாருடைய முகங்களும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன; ஒரு வண்டியின் விளக்கு அந்த முகங்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டு போனது. எல்லாமே களைத்த முகங்கள். எல்லாமே அவளால் களைத்த முகங்கள்.

"சரிக்கா," என்றாள். "பாதி நல்லதுதான்."

லைனுக்கே உயிர் வந்தது. யாரோ ஜோக் அடித்தார்கள். யாரோ அவள் கையிலிருந்து எலியை வாங்கிக் கொஞ்ச தூரம் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

பாதிப் பொடி, நிறம் வெளுத்த தண்ணியாக வந்தது. இனிப்பு போதாததால் குழந்தைகள் முன்பைவிட அதிகமாக உறிஞ்சின. ஜக் சீக்கிரம் காலியானது. டீச்சர் மறுபடி கலக்கினாள். அடுத்த வாரமே பாதி என்பது முக்காலானது. அதற்கடுத்து என்ன அளவு என்று யாரும் கேட்கவில்லை. மஞ்சள் துண்டு மாதக்கணக்கில் டப்பாவிலேயே கிடந்தது. வீட்டில் காலர் வெறும் தண்ணீர்தான் கொடுத்தாள். படுக்கும் முன் விரலில் பேஸ்ட் தடவி விடாப்பிடியாகத் தேய்த்துவிட்டாள். ஆனால் தேய்க்கும்போது உதட்டைத் தூக்கவில்லை. மருந்தில் கொப்புளம் இறங்கியிருந்தது. இறங்கினது இறங்கினதாகவே இருக்கட்டும், பார்த்தால்தானே தெரியும் என்று ஒரு நினைப்பு. பல்லை அடைக்க டாக்டர் வரச்சொன்ன நாளில் லைனுக்கு அவசர ஆர்டர் வந்தது. மாற்றிக் கொடுத்த அடுத்த தேதியிலும் வந்தது.

குளிர்காலத்தில் ஒருநாள் காலை எலி முகம் கோணி எழுந்தது. மேல் உதடு தடித்து, ஒரு பக்கக் கன்னம் வீங்கி, கண்ணுக்குக் கீழே பளபளவென்று சிவந்திருந்தது. தொட்டால் சுட்டது. கணவன் இருட்டோடு சந்தைக்குப் போயிருந்தான். அன்று தைத்த சட்டைகளை லாரியில் ஏற்றும் நாள். மதியத்துக்குள் லாரி வந்துவிடும். மதியம் வரைக்கும்தானே, லாரி போனதும் நேராக ஆஸ்பத்திரி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு குழந்தையைப் போர்வையில் சுற்றி எடுத்துப்போனாள்.

டீச்சர் போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு வாயில் கை வைத்தாள்.

"என்னம்மா இது?"

"மதியம் வரைக்கும் பாத்துக்கங்க டீச்சர். காய்ச்சல் மருந்து கொடுத்திருக்கேன்."

பத்து சட்டை தைத்திருப்பாள். மஞ்சள் வந்தது. ஊசிக்கடியில் துணி ஓடிக்கொண்டிருக்க, ஒரு கையைத் தூக்கி, வரேன் என்று காட்டினாள். மஞ்சள் நகரவில்லை. பண்டலில் இன்னும் கொஞ்சம்தான் மிச்சம். இன்னொரு காலர். இன்னொன்று. மஞ்சள் கண்ணாடியிலேயே இருந்தது. பிறகு அது விழுந்தது. டீச்சரே குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குள் வந்தாள். யாரும் குழந்தையோடு உள்ளே வந்ததில்லை. மெஷின்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. எலியின் கண் முழுதாக மூடியிருந்தது. குழந்தை அழவில்லை. அழவே இல்லை.

"போ," என்று கத்தினாள் கஃப். "லாரி கிடக்குது, போடீ!"

ஆஸ்பத்திரியில் கையில் ஊசி குத்திப் பாட்டில் ஏற்றினார்கள். சீழ் கண்ணுக்குப் பக்கத்தில் பரவியிருக்கிறது, ஒரு நாள் தள்ளியிருந்தால் என்று ஆரம்பித்த பெரிய டாக்டர் அவளைப் பார்த்துவிட்டு முடிக்காமல் விட்டார். வீக்கம் இறங்கக் காத்திருந்து, மயக்கம் கொடுத்து, கெட்ட பற்களை எடுத்தார்கள். நான்கு இல்லை. பின்னால் இரண்டும் சேர்த்து ஆறு. நர்ஸ் ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் காட்டினாள். பல் மாதிரியே இல்லை. சட்டியில் தீய்ந்துபோன எதையோ சுரண்டி எடுத்த மாதிரி இருந்தது.

கணவன் வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றான். பால் பல்லுதானே என்று அவன் சொல்லவில்லை. மகள் கண் விழித்து, ரத்தம் காய்ந்த உதட்டோடு அவனைப் பார்த்து, "டாக்டரக் கடிச்சியாப்பா?" என்று கேட்டாள். 'கடிச்சியா' என்ற சொல் காற்றாகத்தான் வந்தது. அவன் வெளியே போய்விட்டான்.

திரும்பி வேலைக்கு வந்த அன்று லைன் எழுந்து நின்று அவளை வரவேற்றது. ஸ்லீவ் கட்டிக்கொண்டாள். கஃப் குழந்தைக்கு ஒரு பொம்மை கொண்டுவந்திருந்தாள்; கொடுத்துவிட்டு, சண்டை போட்டவள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டீச்சர் எலியை இடுப்பில் வாங்கி, கன்னத்தோடு கன்னம் வைத்துக் கொஞ்சினாள். பிறகு, மெய்யான பிரியத்தோடு, காலரின் காதோரம் சொன்னாள்:

"இனிமே கெட்டுப்போறதுக்கு முன்னால பல்லே இல்லையே. பாவம், ஆசைப்பட்டதக் குடிக்கட்டும். கொடுத்துடவா?"

பின்னால் இன்னும் பற்கள் இருந்தன. ஈறுக்கு அடியில், யாருக்கும் தெரியாமல், புதியவை வளர்ந்துகொண்டிருந்தன. குழந்தை அதற்குள் டீச்சரின் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்துவிட்டது. இரண்டு கையையும் நீட்டியது.

காலர் எதுவும் சொல்லாமல் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். சொல்லாததே பதில் என்று டீச்சருக்குத் தெரியும்.

சில வாரம் கழித்துப் பாக்கெட் வேலையை விட்டுப் போனாள். அந்த இடத்துக்கு ஒரு புதுப்பெண் வந்தாள். காலருக்கு நேர் முன்னால் உட்காருகிறவள். அவள் எழுந்தால் முதலில் கை நிற்பது காலருக்குத்தான். கையில் ஏழெட்டு மாதக் குழந்தை. காலைப் பெல் அடிப்பதற்கு முன்னால் குழந்தையோடு வந்து மேஜையோரமாக நின்றாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கவா? உள்ள ஏதோ ஆரஞ்சுத் தண்ணி கொடுப்பாங்களாமே. நான் பாலும் வெந்நீரும் கொண்டு வந்திருக்கேன். எதக் கொடுக்கச் சொல்ல?"

காலர் நிமிர்ந்து பார்த்தாள். குழந்தை கொட்டாவி விட்டது. கீழ் ஈறில் இரண்டு பற்கள், அரிசி முனை மாதிரி, அப்போதுதான் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

பின்னால் ஸ்லீவ் நூல் சுற்றுவதை நிறுத்தியது கேட்டது. அதற்குப் பின்னால் கஃப்பும் நிறுத்தியிருந்தாள். கூடத்தில் இன்னும் மெஷின் எதுவும் ஓட ஆரம்பிக்கவில்லை. மெதுவாகப் பேசினாலும் எல்லாருக்கும் கேட்கும். இந்தக் குழந்தை ஒன்று தண்ணீர் குடித்தால் நாளைக்கு எந்த நிறம் கண்ணாடியில் நிற்கும், யார் மேஜை காலியாகக் கிடக்கும், யார் யாரெல்லாம் சாலையோரம் நடப்பார்கள் என்று அவளுக்கு ஒவ்வொரு படியாகத் தெரிந்தது.

"மத்ததுங்க குடிக்கறதையே இதுவும் குடிக்கட்டும்," என்றாள். "இல்லன்னா பாத்து ஏங்கி அழும்."

"பல்லுக்கு ஒண்ணும் பண்ணாதுல்லக்கா? உள்ள ஒரு பாப்பாவப் பாத்தேன், முன்னால பல்லே இல்ல. கேட்டா உங்க பொண்ணுன்னாங்க."

காலர் நூல் சுற்றிய பாபினை எடுத்து மெஷினில் மாட்டினாள். ஒருமுறை சுற்றிப் பார்த்தாள், சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று.

"அவளா?" என்றாள். "படியில விழுந்துட்டா."

"அச்சச்சோ." புதுப்பெண் அவள் தோளைத் தொட்டாள். விரல்கள் வெதுவெதுப்பாக இருந்தன. "பாவம். எவ்ளோ வலிச்சிருக்கும்."

பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு தடுப்புக்கு அந்தப் பக்கம் போனாள். கொண்டுவந்த பாலை என்ன செய்வது என்று டீச்சரிடம் கேட்கும் குரல் லேசாகக் கேட்டது. பின்னாலிருந்து கஃப் ஒருமுறை இருமினாள், அவ்வளவுதான். புதுப்பெண் வெறும் கையோடு திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தபோது பெல் அடித்தது. சற்று நேரத்தில் முதல் பண்டல், பாக்கெட் தைத்து முடித்து, காலரின் பக்கம் வந்து சேர்ந்தது.